காந்த நீரில் மிளகாய் நாற்று தேறுமா?

கேள்வி: எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 1,400. குழித்தட்டு மிளகாய் நாற்றில் இலை ஓரம் கருகுகிறது. குழாயில் காந்தக் கருவி மாட்டினால் உப்பு குறையும், நாற்றும் வேகமாக வளரும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உப்பு குறையாது. கருவிக்கு முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து மீட்டரை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். 1,400 என்பது ஈசி (நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை வைத்து உப்பைச் சொல்லும் அளவு) கணக்கில் ஏறத்தாழ 2.2. மிளகாய்க்குப் பாசன நீரின் ஈசி 1-ஐத் தாண்டினாலே சுணக்கம்தான். மழைநீரைப் பிடித்துவைத்துச் சரிபாதி கலந்தால் டிடிஎஸ் 700 பக்கம் இறங்கிவிடும். நாற்றுக்கு வேண்டிய தண்ணீர் கொஞ்சம்தானே. தென்னை நார்க்கழிவைக் கழுவாமல் நிரப்பியிருந்தால் பாதி உப்பு அங்கிருந்தே வந்திருக்கலாம்.

வளர்ச்சி விஷயம் வேறு. சில ஆய்வுகளில் முளைப்பும் வேரும் கூடியிருக்கின்றன, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஆகவே காசு கொடுக்குமுன் கருவியை ஒரு மாதம் இரவல் கேளுங்கள். (தயங்கினால் அதுவே ஒரு பதில்!)

98 குழித் தட்டு நான்கு எடுங்கள். ஒரே பாக்கெட் விதை, ஒரே நார்க்கழிவு. இரண்டு தட்டுக்குக் காந்த நீர். மற்ற இரண்டுக்கும் அதே மோட்டார், அதே குழாய், அதே வேகம். காந்தத்தை மட்டும் கழற்றிவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: தொட்டியில் கிடந்த தண்ணீரோடு ஒப்பிட்டுவிட்டு, காந்தம் வேலை செய்கிறது என்பார்கள். ஓரத் தட்டு சீக்கிரம் காயும் என்பதால் தினமும் இடம் மாற்றுங்கள். தட்டுக்கு அ, ஆ என்று மட்டும் எழுதுங்கள். எது எந்த நீர் என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. 15-ஆம் நாள் முளைப்பை எண்ணுங்கள். 30-ஆம் நாள் தட்டுக்கு 20 நாற்று பிடுங்கி, வேரைக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். உயரத்தை நம்பாதீர்கள், நிழலில் வெடவெடவென நீண்டதும் உயரம்தான்.

குழாய் பிவிசியாக இருக்கட்டும். ஜிஐ குழாயின் மேல் காந்தத்தைக் கட்டினால் காந்தப்புலத்தை இரும்புச் சுவரே வாங்கிக்கொள்ளும், தண்ணீருக்குப் போய்ச் சேர்வது சொற்பம்.

கேள்வி: காந்தத்தின் மேல் இரவு முழுக்க வைத்த நீரில் ஊறவைத்த விதை இரண்டு நாள் முந்தி முளைத்ததே?
– வாசகி, பல்லடம்

பதில்: எதைவிட முந்தி? ஊறாத விதையைவிட என்றால், அது ஊறலின் பலன். சாதா நீரிலும் அதே நேரம் ஊறவைத்து, பக்கத்திலேயே விதைத்துப் பாருங்கள்.