வேலிக்கு வெளியே பத்து நிமிடம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 51, மனைவிக்கு 46. அவளுடைய பொழுதுபோக்குகளுக்கு நான் எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா? போன வருடம் குரோஷே என்ற ஊசிப் பின்னல். அப்புறம் செஸ். இப்போது சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் குதிரையேற்றம். திரும்பும்போது பூட்ஸ் முழுக்கச் சேறு, வாசலிலேயே கழற்றிப் போடுகிறாள். காரில் குதிரை வாடை. தொடை கன்றிப்போய் இரண்டு நாள் நொண்டினாள். கேட்டால், "ஹெல்மெட் போட்டுக்கொண்டுதானே ஏறுகிறேன்" என்கிறாள். தொடைக்கு ஏது ஹெல்மெட்?

ராத்திரியானால் கம்ப்யூட்டர். மகன் தூக்கிப் போடவிருந்த லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, வீட்டுப் படங்களையெல்லாம் அதில் சேர்க்கிறாள். ஒரே படத்துக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று தங்கை வீட்டு ஹார்ட் டிஸ்க்கில். நடுநடுவே, "உங்கள் அம்மா பக்கத்தில் நிற்பது யார்?" என்று என்னிடம் கேள்வி வேறு. நான் செய்தி பார்க்கும் நேரம் அது.

போட்டிக்குப் போகப்போகிறாளா, சம்பாதிக்கப்போகிறாளா? பிறகு எதற்கு இது? நான் தடுக்கவில்லை, மறுபடியும் சொல்கிறேன். ஒருமுறை அழைத்துவர சீக்கிரமே போய் வேலிக்கு வெளியே பத்து நிமிடம் நின்றேன். தரையில் கிடந்த கம்பைத் தாண்டமாட்டேன் என்று குதிரை அடம்பிடித்து நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடமாயிற்றோ தெரியவில்லை. அது கிடக்கட்டும். பூட்ஸைப் பற்றி எத்தனை முறைதான் சொல்வது? வீட்டில் ஒரு மனுஷன் இருக்கிறான் என்ற நினைப்பு வேண்டாமா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பெயர் வேண்டாம்


அன்புள்ள வாசகருக்கு,

பூட்ஸுக்கு வாசலில் ஒரு பழைய சாக்கு போதும். வாடைக்குக் கார் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். நீங்கள் எழுதியது அவற்றுக்காக இல்லை. "அது கிடக்கட்டும்" என்று ஒதுக்கினீர்களே, அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

அவர் எப்போது சிரித்தார் என்று பாருங்கள். குதிரை பேச்சைக் கேட்கவில்லை, காரியம் கெட்டுப்போனது, அப்போது. ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் பிராணி அது. மேலே இருப்பவரின் உடம்பு இறுகினாலும் தெரிந்துகொள்ளும், கடிவாளம் பிடித்த கை தயங்கினாலும் தெரிந்துகொள்ளும். அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டு யாரும் பாசாங்கு செய்துவிட முடியாது. தப்புச் செய்யலாம், ஒரு சுற்று வந்து மறுபடி முயலலாம். எதற்கு இது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வீட்டில் நீங்கள் கேட்கிறீர்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையை 1973-ல் வெளியிட்டார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே பேனாவைத் தொட்டார்கள். பரிசு எதையும் எதிர்பார்க்காமல் வரைந்த பிள்ளைகளுக்கு ஆசை அப்படியே இருந்தது. போட்டியா, சம்பாத்தியமா என்ற உங்கள் கேள்வியும் அந்தச் சான்றிதழ் மாதிரிதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தை அவர் இடத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். சேறு, வாடை, நொண்டல், மூன்று பிரதி. வாசற்படியில் நின்று கணக்கெடுப்பவரைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வராது.

அவர் உங்களை விட்டு விலகிப் போகிறாரோ என்பதுதான் உங்கள் பயம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து அவர் சேர்ப்பது யார் வீட்டுப் படங்களை? ஹார்ட் டிஸ்க் எந்த நேரமும் படுத்துவிடும், அதனால்தான் மூன்று பிரதி. ஆனால் உங்கள் அம்மா பக்கத்தில் நிற்பவரின் பெயர் உங்கள் தலைக்குள் மட்டும், ஒரே ஒரு பிரதியாக இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் உங்களிடம் வந்தார். நீங்கள் செய்தி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்களும் ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வரும் சனிக்கிழமையும் பத்து நிமிடம் முன்னால் போங்கள், இந்தத் தடவை வேலிக்கு உள்ளே. அந்தக் குதிரைக்கு என்ன பெயர் என்று அவரிடம் கேளுங்கள். இத்தனை நீளக் கடிதத்தில் அது மட்டும் இல்லை. ராத்திரி டிவியை அணைத்துவிட்டு, அந்தப் படத்தில் நிற்பது யார் என்று சொல்லிவிடுங்கள்.