அம்மாவின் டாலருக்குள் அவசர அழைப்புப் பொத்தான்

கேள்வி: கோவையில் நகைப் பட்டறை நடத்துகிறேன். தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு 76 வயது. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் அவசரப் பொத்தானை, "நோயாளி மாதிரி இருக்கிறது" என்று கழற்றி வைத்துவிடுகிறார். அந்த புளூடூத் கருவியைப் பிரித்து 22 காரட் டாலருக்குள் வைத்து மூடினேன். பக்கத்து அறையில் உள்ள போனுக்குக்கூட அழைப்பு போகவில்லை. என்ன தவறு?

பதில்: அம்மாவின் மறுப்பு நியாயமானது. விரும்பி அணிந்தால்தான் அது ஆபத்து நேரத்தில் கழுத்தில் இருக்கும். உங்கள் கைவேலையிலும் பிழையில்லை, தடுப்பது தங்கம்தான். மின்சாரத்தைக் கடத்தும் எந்த உலோகக் கூடும் ரேடியோ அலையை மறிக்கும். சிறு துளைகள் போட்டாலும் போதாது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள துளை வலையைப் பாருங்கள். உள்ளே சுழலும் பாத்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. அலை வெளியே வருவது மிகமிகக் குறைவு. புளூடூத்தும் ஏறத்தாழ அதே அலைவரிசைதான், 2.4 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அதனால்தான் சிறு துளை வழியே அது நுழைவதில்லை.

ஆகவே டாலரின் முகத்தைக் கல்லுக்கு விட்டுவிடுங்கள், கல் அலையை மறிக்காது. பின்பக்கத்தைத் திறந்து வைத்துப் பயனில்லை, உடம்பிலுள்ள நீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். ஒரு பெரிய சிவப்புக் கல், அதற்கு நேர்கீழே தங்கத்தை ஒட்டாமல் ஆன்டெனா. கெம்பு பதிக்கையில் பளபளப்புக்காக அடியில் உலோகத் தாள் வைப்பீர்கள் அல்லவா, அது இங்கே கூடாது. எவ்வளவு மெல்லியதானாலும் அதுவும் உலோகம். உலோகத்தூள் கலக்காத வண்ணத்தைக் கல்லின் அடியில் பூசிக்கொள்ளலாம்.

பொத்தானை விளிம்பில், இருட்டிலும் விரல் தடவிக் கண்டுபிடிக்கும்படி சிறு மணியாக வையுங்கள்.

பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது, மெருகு, ஹால்மார்க் எல்லாம் முடிந்த பிறகே கருவி உள்ளே போக வேண்டும். லித்தியம் பேட்டரி சூட்டைத் தாங்காது. பின்மூடியைத் திருப்புளி இல்லாமல் கையால் கழற்ற முடியாத திருகாகச் செய்யுங்கள். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். இந்த ஒன்றில் அழகுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

தங்கத்தைத் தொடுமுன் செம்பில் ஒரு மாதிரி செய்யுங்கள். அதுவும் அலையை அப்படியே மறிக்கும். அதை நீங்களே கழுத்தில் மாட்டிக்கொண்டு, குளியலறைக் கதவைச் சாத்தி, தரையில் குப்புறப் படுத்துப் பொத்தானை அழுத்துங்கள். கூடத்தில் போன் ஒலிக்காவிட்டால், கல்லை இன்னும் பெரிதாக்குங்கள்.