அமெரிக்க ஆலை, ஜப்பானிய ஆலை: தொழிலாளர் உற்பத்தித்திறனை ஒப்பிடுவது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: சார், இரண்டு நாட்டு ஆலை உற்பத்தியையும் டாலருக்கு மாற்றி, ஆள் எண்ணிக்கையால் வகுத்தேன். 1985-க்குப் பிறகு ஜப்பான் திடீரென்று பாய்கிறது. எங்கே தப்பு?

பதில்: மாற்று விகிதத்தில். 1985 செப்டம்பர் 22 அன்று பிளாசா ஒப்பந்தம்: டாலரின் மதிப்பை இறக்க அமெரிக்காவும் ஜப்பானும் உட்பட ஐந்து நாடுகள் செய்த உடன்பாடு. அதற்கு முன் டாலருக்குச் சுமார் 240 யென். 1987 தொடக்கத்தில் 150-ஐ ஒட்டி வந்துவிட்டது. யென்னில் அதே உற்பத்தி, அதே ஆட்கள் என்றாலும் டாலரில் 60 சதவீதம் கூடித் தெரியும். ஆலையில் ஒரு போல்ட்கூட நகர்ந்திருக்காது. சந்தை மாற்று விகிதத்தை இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் வாங்கும் திறன் சமநிலை எண்ணை (அதே பொருள்களை வாங்க ஒரு டாலருக்கு ஈடாக எத்தனை யென் வேண்டும் என்ற கணக்கை) போடலாமா?

பதில்: முழு நாட்டுக்குப் போடலாம், ஆலைத் துறைக்குப் போதாது. அது கடைவிலையிலிருந்து கட்டிய எண்; வாடகை, விற்பனை வரி, இறக்குமதிச் சரக்கு எல்லாம் அதற்குள் இருக்கும். நமக்கு வேண்டியது ஆலை வாசல் விலை. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1983 முதல் வளர்த்தெடுத்த முறை இதற்கென்றே உள்ளது.

இரு நாட்டுத் தொழில் கணக்கெடுப்பிலும் ஒரே பொருளை எடுத்து, மதிப்பை அளவால் வகுங்கள். சிமென்ட் டன் ஜப்பானில் 9,000 யென், அமெரிக்காவில் 60 டாலர் என்று வைத்துக்கொண்டால், சிமென்டுக்கு ஒரு டாலர் 150 யென். இப்படிப் பொருள் பொருளாகக் கண்டு, உற்பத்தி அளவை எடையாக வைத்துச் சராசரி எடுங்கள். அமெரிக்க எடையில் ஒருமுறை, ஜப்பானிய எடையில் ஒருமுறை. முதலாவது 190, இரண்டாவது 170 என்று வந்தால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 180. யென் உற்பத்தியை டாலராக்க இதுதான் விகிதம். ஒரே எடையோடு நிறுத்தினால் முடிவு ஒரு பக்கம் சாயும்.

கார் போன்ற பொருளில்தான் பலரும் வழுக்குவது. அமெரிக்கப் பெரிய காரையும் ஜப்பானியச் சின்னக் காரையும் ஒரே ‘கார்’ என்று பொருத்தினால், டாலருக்கான யென் குறைந்து, ஜப்பான் இல்லாத உயரத்தில் நிற்கும். எஞ்சின் அளவு வாரியாகப் பிரித்துப் பொருத்துங்கள்.

கேள்வி: ஆள் கணக்கா, மணிக் கணக்கா?

பதில்: மணிதான். ஆனால் எந்த மணி? அமெரிக்காவின் நிறுவனக் கணக்கெடுப்பு சம்பளம் கொடுத்த மணியைச் சொல்கிறது. சம்பள விடுப்பும் அதில் சேரும். ஜப்பானின் மாதாந்திரத் தொழிலாளர் கணக்கெடுப்பு வேலை செய்த மணியைச் சொன்னாலும், முதலாளியிடம் கேட்பதால் சம்பளமில்லாத ஓவர்டைம் அதில் விழாது. வீடுகளில் கேட்கும் தொழிலாளர் படைக் கணக்கெடுப்போடு ஒட்டிப்பாருங்கள்; மணி கூடும், உற்பத்தித்திறன் இறங்கும்.

ஆள் கணக்கிலும் ஓட்டை உண்டு. 2004 முதல் ஜப்பானிய ஆலைகளுக்கு ஏஜென்சி ஆட்களை அனுப்பச் சட்டம் இடம் கொடுத்தது. அவர்கள் நிற்பது அசெம்பிளி லைனில். பதிவாவதோ பெரும்பாலும் சேவைத் துறையில். அமெரிக்காவிலும் இதே கதைதான். அவர்களைச் சேர்க்காவிட்டால் ஆலை வீணே மிடுக்காகத் தெரியும்.

கேள்வி: வருடாவருடம் தொடர் எப்படி?

பதில்: ஒரு அடிப்படை ஆண்டில் மட்டத்தைக் கண்டு, ஒவ்வொரு நாட்டின் நிலையான விலை (விலை ஏற்றத்தைக் கழித்த) வளர்ச்சியால் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் விழிப்பாக இருங்கள். அமெரிக்கா 1985-லேயே தரத்துக்கு ஏற்பத் திருத்திய விலைக் குறியீட்டைத் தேசியக் கணக்கில் கொண்டுவந்தது. அப்படித் திருத்தாத நாட்டோடு ஒப்பிட்டால் அமெரிக்க வளர்ச்சி ஊதித் தெரியும். மந்த ஆண்டை அடிப்படையாக எடுக்காதீர்கள்: அமெரிக்கா ஆளைக் குறைக்கும், ஜப்பான் ஆளை வைத்துக்கொள்ளும்.

கேள்வி: கடைசியில் ஜப்பான் முந்தியதா, இல்லையா சார்?

பதில்: எந்தத் தொழில் என்று கேளுங்கள். மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் எஃகு, கார், வீட்டு மின்னணுப் பொருள்களில் ஜப்பான் முன்னே; உணவு பதப்படுத்தலில் அமெரிக்க அளவில் மூன்றில் ஒரு பங்குதான்.

காருக்குள்ளேயே பாருங்கள். 1986-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு அளந்தபோது ஒரு காரைக் கூட்ட ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஆலைக்கு 40.7 மணி, டொயோட்டாவின் தகாவோக்காவுக்கு 18. கார் அளவையும் வேலை வரம்பையும் சமப்படுத்தியதும் 31-க்கு 16 ஆனது. இடைவெளி 22.7 மணியிலிருந்து 15 ஆகச் சுருங்கியது. மிச்சத்தைத் தொழிலாளியின் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய கலிஃபோர்னியாவின் ஃபிரீமாண்ட் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து 1984-இல் திறந்தபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிற்சங்கத் தொழிலாளர்களே. 1987-இல் அங்கே ஒரு காருக்கு 19 மணி.