வாயால் சொல்கிறான், எழுத மாட்டேன் என்கிறான்: டீச்சரிடம் என்ன பேசுவது?

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகனின் டைரியில் வாரத்துக்கு மூன்று நாளாவது ‘கிளாஸ் ஒர்க் முடிக்கவில்லை’ என்று எழுதி அனுப்புகிறார்கள். கேள்வி கேட்டால் வாயால் சரியாகச் சொல்கிறான். எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறான். மிஸ்ஸைக் கேட்டால், “வீட்ல கொஞ்சம் கவனிங்கம்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சண்டையாகாமல் எப்படிப் பேசுவது?

பதில்: ‘வாயால் சொல்கிறான், எழுத்தில் நிற்கிறான்’ என்று எங்களுக்கு எழுதினீர்கள் அல்லவா, டீச்சரிடமும் அதையே சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோர் “சரியாவே படிக்க மாட்டேங்கிறான் மிஸ்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு “வீட்ல கவனிங்க” என்பதைத் தவிர வேறு பதில் வராது.

பேசுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வாருங்கள்: தேதி, பாடம், வீட்டுப்பாடம் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எங்கே நின்றான். ‘தமிழ், 8 வரி, 50 நிமிடம், ஐந்தாம் வரியில் அழுதான்’ என்ற அளவு போதும்.

கூடவே ஒரு சின்னச் சோதனை. பக்கத்தில் புத்தகத்தை வைத்து ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த நாள், எதிர்ச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து ஐந்து வரி. சுவரைப் பார்த்து எழுதும்போது மட்டும் தடுமாறினால் முதலில் கண் டாக்டரிடம் போங்கள். இரண்டிலும் தடுமாறினால் பிழைகளை உற்றுப் பாருங்கள். ர-ற, ல-ள-ழ குழப்பத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்; அது பெரியவர்களுக்கே உண்டு. ‘கொடி’யில் காலை விட்டு ‘கெடி’ என எழுதுவது, புள்ளிகள் தொடர்ந்து காணாமல் போவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, ஒரு வரியையே தாண்டிப் போவது: இவை அடிக்கடி வந்தால் அந்தப் பக்கங்களில் அடையாளம் வைத்து நோட்டை எடுத்துப் போங்கள்.

பள்ளி வாசலில் நிறுத்திப் பேசாதீர்கள். ரேங்க் கார்டு வாங்கும் நாளும் சரிப்படாது. பின்னால் வரிசை நிற்கும். டைரியில் இப்படி எழுதி அனுப்பலாம்: ‘மகனின் எழுத்துச் சிரமம் பற்றி 15 நிமிடம் பேச வேண்டும். இந்த வாரம் உங்களுக்கு வசதியான நாளும் நேரமும் சொன்னால் வருகிறேன்.’ பையனை உள்ளே அழைத்துப் போக வேண்டாம்.

போனதும் உங்கள் தாளை நீட்டாதீர்கள். முதலில் கேளுங்கள்: எந்தப் பாடவேளையில் நின்றுபோகிறான்? போர்டைப் பார்த்து எழுதும்போதா, தானாக யோசித்து எழுதும்போதா? வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் என்ன செய்கிறான்? எந்த வரிசையில் உட்காருகிறான்? “சோம்பேறித்தனம்தான்” என்று பதில் வந்தால் கோபப்படாமல், “எந்த வேலையில் மிஸ் அப்படித் தெரியுது?” என்று கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் தாளைக் காட்டினால், இருவர் பார்த்ததும் ஒன்றா என்பது தெரிந்துவிடும்.

“ட்யூஷன்ல நல்லா எழுதுறானே” என்ற ஒப்பீடு வேண்டாம். “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க மிஸ்” என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதற்கு வீட்டிலிருந்தே அனுமதி போகக் கூடாது.

பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஒருவரால் செய்ய முடிந்த இரண்டை மட்டும் கேளுங்கள். உங்கள் பையனுக்கு எங்கள் தேர்வு இவை: போர்டுக்கு நேரே இரண்டாவது வரிசையில் இடம், எழுதி முடிக்காத பகுதியை மறுநாள் நண்பனின் நோட்டைப் பார்த்து முடிக்க அனுமதி. திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதுதான் அவனை உறைய வைக்கிறது என்றால், இரண்டாவதற்குப் பதில் ‘எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்’ என்று கேட்கலாம். நான்கு வாரம் பார்ப்பதாகப் பேசி, திரும்பச் சந்திக்கும் தேதியையும் அங்கேயே குறித்துவிடுங்கள். அன்று மாலையே பேசி முடிவானதை மூன்று வரியில் டைரியில் எழுதி, நன்றியும் சொல்லி அனுப்புங்கள். டீச்சர் மாறினாலும் அது கையில் இருக்கும்.

நான்கு வாரத்தில் அசைவே இல்லை என்றால், இதே தாளையும் நோட்டுப் பக்கங்களையும் இணைத்துத் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். டீச்சர் மேல் புகாராக எழுதாமல், ‘அடுத்து என்ன செய்யலாம்’ என்று கேட்டு எழுதுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யும்படி கேட்கலாம்.

கண்ணும் காதும் சரி, ஆனாலும் பிழைகள் அதே மாதிரி என்றால் கற்றல் குறைபாட்டுக்கான (புத்திசாலித்தனம் இருந்தும் வாசிப்பது, எழுதுவது, கணக்கு போன்றவற்றில் தொடர்ந்து தடுமாறுவது) பரிசோதனை தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அங்கீகரிக்கும் 21 வகை மாற்றுத்திறன்களில் இதுவும் ஒன்று. பொதுவாக 8 வயது நிரம்பிய பிறகே சான்று தருவார்கள். உங்கள் மகன் அந்த வயதில்தான் இருப்பான். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போது கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு அரசு மருத்துவச் சான்று கேட்பார்கள். ஆகவே இந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பரிசோதிப்பவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, “உன்னை இரண்டாவது வரிசைக்கு மாத்தச் சொல்லியிருக்கேன், விட்டுப்போனதை மறுநாள் எழுதிக்கலாம்” என்று பையனிடமும் சொல்லிவிடுங்கள். தன்னைப் பற்றி என்ன பேசினார்களோ என்று அவன் காத்துக்கொண்டிருப்பான்.