எக்ஸ்ரே எந்திரத்தில் ஈயத் தகடு: கேள்வி பதில்

கேள்வி (டர்பன்): உணவுப் பொட்டலங்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே எந்திரம் செய்கிறோம் ஐயா. மின் கருவிகளில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஸ் (RoHS) விதிப்படி ஈயமே கூடாது என்கிறார் ஜெர்மனி வாடிக்கையாளர். தகட்டைக் கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றவே கழற்றாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் உடம்பைக் காப்பது அந்தத் தகடுதான். ரோஸ் எனப்படும் ஐரோப்பாவின் 2011/65 ஆணையில் ஈயத்துக்கு வரம்பு 0.1%. மொத்த எடையில் அல்ல, ஒரே சீரான ஒவ்வொரு பொருளிலும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். "ஒரு டன் எந்திரத்தில் அரைக் கிலோதானே" என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆனால் 9-ஆம் வகையான கண்காணிப்பு, கட்டுப்பாட்டுக் கருவிகளில் எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயத்துக்கு நான்காம் இணைப்பின் 5-ஆம் வரி விலக்கு தருகிறது. தொழில்நுட்பக் கோப்பில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். விலக்குகளுக்குக் காலக்கெடு உண்டு. ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் இணைப்பின் அண்மைப் பதிப்பைப் பாருங்கள்.

கேள்வி (அதே எந்திரம்): அப்படியானால் ஈய சோல்டர், எதிர் எடைக்கட்டி?

பதில்: அந்த வரி தடுப்புக்கு மட்டும். எடைக்கட்டிக்கு இரும்பு போடுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): தகடு போதிய தடிமன்தான் அண்ணா, ஆனாலும் கதவோரம் கதிர்வீச்சு மீட்டர் ஏறுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் கசிவு தகட்டில் இராது, மூட்டிலும் துளையிலும்தான் இருக்கும். தகடுகளை முட்டவைத்து ஒட்டாதீர்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுங்கள். திருகு போன இடத்தில் அதே தடிமனில் ஈயத் துண்டு வைத்து மூடுங்கள். கேபிள் நேராக நுழைந்தால் கதிரும் நேராக வெளியேறும், வளைத்துக் கொண்டுபோங்கள். ஈயம் மென்மையானது, நாளாக ஆகத் தன் பாரத்திலேயே கீழே சரியும், மேல்விளிம்பில் இடைவெளி விழும். ஆகவே பசையை மட்டும் நம்பாமல், இரும்புத் தகட்டோடு சேர்த்துப் பிடிமானம் கொடுங்கள். கன்வேயர் வாயிலில் தொங்கும் ஈய ரப்பர் திரைகளையும் மடக்கிப் பாருங்கள், மடிப்பில்தான் முதலில் விரியும். சரிசெய்தபின் எக்ஸ்ரே குழாயை உச்ச கிலோவோல்ட், உச்ச மில்லியாம்பியரில் ஓட்டி, மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி எல்லா விளிம்பையும் மெதுவாக அளந்து எழுதிவையுங்கள்.

கேள்வி (லெனேசியா): உள்ளூரிலேயே விற்றால்?

பதில்: எக்ஸ்ரே கருவிகள் தென்னாப்பிரிக்காவின் 1973-ஆம் ஆண்டு அபாயப் பொருள் சட்டத்தில் மூன்றாம் குழு. தொழிற்சாலை எந்திரமானாலும் உரிமம் தருவது மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சாப்ராவின் (SAHPRA) கதிர்வீச்சுப் பிரிவுதான். தடுப்பை மாற்றும் முன் அவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): பட்டறையில் ஈயம் வெட்டும் தம்பிக்கு என்ன சொல்ல வேண்டும்?

பதில்: கிரைண்டர் வேண்டாம், கத்தரியால் வெட்டட்டும். உலர் துடைப்பமும் காற்றுக் குழாயும் தூசியைக் கிளப்பும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாப்பிடும் முன் கை, முகம் கழுவணும். வேலை உடுப்பு வீட்டுக்கு வரவே கூடாது, குழந்தைகள் இருந்தால் கட்டாயம். முதலாளி இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்க ஏற்பாடு செய்யட்டும். துண்டு துணுக்குகள் குப்பைத்தொட்டிக்கல்ல, மூடிய டப்பாவில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.