சர்வோ மோட்டார்: எதை வாங்குவது, எப்படிப் பவர் கொடுப்பது? (கேள்வி பதில்)

கே: 12 செ.மீ. நீளக் கை, நுனியில் 300 கிராம் தூக்க வேண்டும். எஸ்ஜி90 என்ற குட்டி சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) போதுமா?

ப: போதாது. எடையைத் தூரத்தால் பெருக்குங்கள்: 0.3 × 12 = 3.6 கிலோ-செ.மீ. கையே 60 கிராம் இருந்தால், அந்த எடை நடுவில், 6 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்து இன்னொரு 0.36. ஏறக்குறைய 4 ஆகிவிட்டது. எஸ்ஜி90-க்குப் போட்டிருக்கும் 1.8 கிலோ-செ.மீ. என்பது 4.8 வோல்ட்டில் அது திணறி நின்றுபோகும் எல்லை. விவரத்தாளில் இருக்கும் எண்ணில் பாதியை மட்டும் நம்புவது என் வழக்கம். அப்படியானால் 8-க்கு மேல் வேண்டும், எம்ஜி996ஆர் என்ற பெரிய சர்வோ 4.8 வோல்ட்டில் 9.4 தரும். ஆனால் 6 வோல்ட்டில் முட்டி நின்றால் சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போதே பவர் சப்ளையையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கே: சர்வோ அசைந்ததும் அதைக் கட்டுப்படுத்தும் அர்டுவினோ போர்டு ரீசெட் ஆகிறது. கோடில் தப்பா?

ப: கோடைத் தொடாதீர்கள். போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து சர்வோவை ஓட்டுகிறீர்கள், அதுதான் காரணம். தனி சப்ளை கொடுங்கள், இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் இணைப்பு) கட்டாயம் இணையுங்கள். சர்வோவுக்குக் கோணத்தைச் சொல்வது சிக்னல் துடிப்பின் நீளம்; நடுநிலைக்கு 1.5 மில்லிசெகண்ட் துடிப்பு போகிறது. பொதுவான கிரவுண்ட் இல்லாவிட்டால் அதைச் சர்வோ எதை வைத்து அளக்கும்?

கே: 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் தனி சப்ளை தேவையில்லை என்கிறார்களே?

ப: தவறு. கூடுதலாக 1 ஆம்பியர் அதிலிருந்து போனால், ஒரு மில்லிசெகண்டுக்கு 1 வோல்ட் இறங்கும். கை நகரவோ நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் ஆகும். கெப்பாசிட்டர் திடீர் உதறலைத் தாங்கும், சுமையைச் சுமக்காது.

கே: எனக்கு ஆறு மாதமாக அப்படித்தான் ஓடுகிறது!

ப: நம்புகிறேன். சுமையில்லாத ஒரு குட்டி சர்வோ ஓடத்தான் செய்யும். அர்டுவினோ யூனோ போர்டின் யூஎஸ்பி ஃபியூஸ் 500 மில்லிஆம்பியருக்கானது. இரண்டாவது சர்வோவைச் சேர்த்து, இரண்டையும் ஒரே நேரத்தில் சுமையோடு நகர்த்தி, 5 வோல்ட் பின்னை அளந்து பாருங்கள். அந்த எண்ணோடு வாருங்கள், தொடர்ந்து பேசலாம்.

கே: 9 வோல்ட் சதுர பேட்டரி?

ப: வேண்டாம். அதனால் இவ்வளவு கரன்ட் தர முடியாது.

கே: அதையே 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) வழியாகக் கொடுத்தால்?

ப: அதே பேட்டரிதானே! மேலே சொல்லிவிட்டேன்.

கே: 360 பாகை சர்வோவை 90-ல் நிறுத்துவது எப்படி?

ப: முடியாது. தொடர்ந்து சுழலும் வகையில் துடிப்பு வேகத்தைத்தான் சொல்லும், கோணத்தை அல்ல.

கே: ட்ரோனுக்கு எந்த மோட்டார்?

ப: அது என் துறை இல்லை. ட்ரோன் கட்டுபவர்களைக் கேளுங்கள்.

கே: ஆறு சர்வோ, அவற்றுக்குத் துடிப்பு அனுப்ப ஒரு பிசிஏ9685 போர்டு. எல்லாம் நடுங்குகின்றன.

ப: மறுபடியும் பவர்தான். சர்வோக்களுக்கான சப்ளையை அந்த போர்டின் ஸ்க்ரூ டெர்மினலில் கொடுங்கள். அர்டுவினோவின் 5 வோல்ட் அந்தச் சிப்புக்கு மட்டும். ஆறும் ஒரே நேரத்தில் முட்டினால் எத்தனை ஆம்பியர் என்று கூட்டி, அதற்குத் தகுந்த சப்ளையும் தடித்த வயரும் போடுங்கள்.