தோட்டத்துக் குளம் தெளிய: வடசென்னைக்காரர்கள் கேட்டவையும் பதில்களும்

வீட்டுப் பின்புறம் குளம் வெட்டியவர்களும் சிமென்ட் தொட்டி கட்டியவர்களும் கேட்ட கேள்விகள் இவை. கணக்கு வரும் இடமெல்லாம் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள குளத்தை வைத்துச் சொல்லியிருக்கிறேன். மூன்றையும் பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். இந்தக் குளம் சுமார் 2,260 லிட்டர். உங்கள் அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்: அண்ணே, மார்ச்ல குளம் கட்டி 15 கோல்டு ஃபிஷ் விட்டேன். மூணே வாரத்துல தண்ணி கீரை கடைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பாதித் தண்ணிய மாத்தினா நாலு நாள்ல மறுபடியும் பச்சை. என்ன தப்பு பண்றேன்?

தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பதும் ஒரு தப்புதான் தம்பி. பச்சையாகத் தெரிவது கண்ணுக்குத் தனித்தனியாகப் புலப்படாத பாசி உயிரிகள். அவற்றுக்கு வேண்டியது வெயில், நைட்ரஜன், பாஸ்பரஸ். மீன் கழிவும் மிச்சம் கிடக்கும் தீனியும் பின்னிரண்டைக் கொடுக்கின்றன. நம் ஊர் மார்ச் வெயில் முதலாவதைக் கொடுக்கிறது. பாதித் தண்ணீரை மாற்றினால் வெளிச்சம் அடிவரை இறங்கும். மீதிப் பாதியில் இருக்கும் பாசி அந்த வெளிச்சத்தில் பல்கிப் பெருகிவிடும்.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காலையிலும் பச்சை அப்படியே நின்றால் பாசி. பழுப்பாக இருந்து அடியில் வண்டலாகப் படிந்தால் அது மண். அதற்கு வைத்தியம் வேறு.

உங்களுடையது பாசிதான் என்று தோன்றுகிறது. நாலு நாள் தீனியே போடாதீர்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல், முடிந்தால் 60 சதவீதம், இலை மூட வேண்டும். ஒரு கோல்டு ஃபிஷுக்கு 150 லிட்டர் என்று வைத்தால் 15 மீன் உங்கள் குளத்துக்கு விளிம்பு. இனி ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். செடியும் பில்டரும் வேர்பிடித்து வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பச்சையைப் பார்த்துப் பதற வேண்டாம். பச்சைத் தண்ணீரால் மட்டும் மீன் சாவது அரிது.

வியாசர்பாடி: இலை மூடணும்னா அல்லி போதுமா சார்? ரெண்டு தொட்டி அல்லி வெச்சிருக்கேன், ஆனாலும் தெளியலை.

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். அல்லி நிழல் தரும், ஆனால் தண்ணீரிலிருந்து அதிகம் உறிஞ்சாது. அதன் வேர் தொட்டி மண்ணுக்குள் இருக்கிறது, சாப்பாடும் அங்கிருந்துதான். தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தை எடுக்க வேண்டுமானால் வேர் தண்ணீரிலேயே தொங்க வேண்டும், அல்லது தண்ணீர் ஓடும் ஜல்லியில் இருக்க வேண்டும்.

அதில் முதலிடம் வெங்காயத்தாமரைக்கு. 10 செடி விட்டால் வெயில் காலத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் 20 ஆகும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை அள்ளி வெளியே எடுங்கள். இந்த அள்ளுதல்தான் முக்கியம். செடி உறிஞ்சிய சத்து செடியோடு வெளியேறினால்தான் குளத்துக்கு லாபம். இலை அங்கேயே அழுகினால் அத்தனையும் திரும்பத் தண்ணீருக்கே போகும். அள்ளியதை மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். ஓட்டேரி நல்லா ஓடையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ வீசிவிடாதீர்கள், அங்கே ஏற்கெனவே அடைத்துக் கிடக்கிறது.

தண்ணீருக்கு அடியில் வேலம்பாசி 2 கிலோ. கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி, கல்லோடு சேர்த்து இறக்குங்கள். கோல்டு ஃபிஷ் கடிக்கும். அதனால் முதல் மாதம் ஒரு மூலையில் வலை கட்டிக் காப்பாற்றுங்கள். ஓரத்தில் ஜல்லிப் படுகை போட இடம் இருந்தால் கல்வாழை, வசம்பு, குடைக்கோரை, வெட்டிவேர். படுகையின் பரப்பு குளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆழம் 1 அடி, ஜல்லி 20 மில்லிமீட்டர். ஒன்றரை அங்குல பிவிசி பைப்பில் அரத்தால் கீறல் போட்டு அடியில் கிடத்தி, பம்ப் தண்ணீரை அதில் விடுங்கள். ஜல்லி வழியாக மேலேறி வேரைத் தொட்டுக் குளத்துக்கு வழியட்டும். ஜல்லிக்கு மேல் மண் போடவே கூடாது.

அல்லித் தொட்டியில் என்ன மண் போட்டீர்கள் என்றும் பாருங்கள். கோகோபீட் மிதந்து வெளியே வரும், மண்புழு உரம் கரைந்து பாசிக்குத் தீனியாகும். வெறும் களிமண், மேலே ஓர் அங்குலம் கழுவிய மணல், அவ்வளவுதான். தாமரை வைக்கும் ஆசை இருந்தால் தனித் தொட்டியில் வையுங்கள். 5 அடிக் குளத்தில் அதன் கிழங்கு ஓடி எல்லாவற்றையும் நெருக்கிவிடும்.

தண்டையார்பேட்டை: கடையில பில்டர் விலை கேட்டா தலை சுத்துது. நீல டிரம் ஒண்ணு வீட்ல இருக்கு. அதுலயே செய்யலாமா அண்ணே?

தாராளமாக. 200 லிட்டர் டிரம் இந்தக் குளத்துக்குத் தாராளம். ரசாயனம் இருந்த டிரம் என்றால் மட்டும் வேண்டாம்; உணவுப்பொருள் வந்த டிரம்மாகப் பாருங்கள்.

பம்ப்: குளத்துத் தண்ணீர் முழுதும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பில்டரைச் சுற்றி வர வேண்டும். அதாவது மணிக்கு 1,500 லிட்டராவது. பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே ஏற்றாதபோது வருவது. உங்கள் டிரம் 3 அடி உயரம், நடுவே எல்போக்கள் (வளைவு இணைப்புகள்), பைப் உராய்வு. ஆகவே 3,000 லிட்டர் என்று போட்டதை வாங்கினால் கணக்கு சரியாக வரும். மாட்டிய பிறகு 20 லிட்டர் பக்கெட்டை வைத்து நேரம் பாருங்கள். 72,000-ஐ விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். 40 விநாடியில் நிரம்பினால் 1,800.

டிரம்: தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். 1 அங்குலப் பைப்பை அடியிலிருந்து 8 அங்குல உயரத்தில் நுழைத்து, உள்ளே ஒரு எல்போ போட்டுச் சுவரை ஒட்டித் திருப்பிவிடுங்கள். தண்ணீர் சுழலும், கனமான கசடு நடுவில் இறங்கும். அடியில் ஒன்றரை அங்குல பால் வால்வு. நுழைவாய்க்கு மேல் பிளாஸ்டிக் காய்கறிக் கூடையை வெட்டித் தட்டுபோல் வையுங்கள். அதன்மேல் பழைய நைலான் மீன்வலை. காசிமேட்டுப் பக்கம் கிழிந்த வலை கிடைக்கும். இரண்டு நாள் ஊறவைத்து, டீசல் வாடையும் உப்பும் போகும்வரை அலசுங்கள். இதைவிட மலிவான, நல்ல பில்டர் ஊடகம் (பாக்டீரியா ஒட்டி வளரும் பொருள்) நம் பகுதியில் வேறில்லை. அதற்கு மேல் பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் 40. எல்லாவற்றுக்கும் மேலே 2 அங்குலக் கனத்தில் பஞ்சு.

வெளியேறும் பைப் 2 அங்குலம், டிரம் விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே. உள்ளே வருவதை மோட்டார் தள்ளுகிறது, வெளியே போவது தானாக வழிகிறது; அதனால் வெளிப்பைப் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அதற்கு 2 அங்குலம் மேலே இன்னொரு வழிபைப்பும் குளத்துக்கே போகட்டும். இதை விட்டுவிட்டால், பஞ்சு அடைக்கிற நாளில் டிரம் வழிந்து குளம் முழுதும் தோட்டத்துக்குப் போய்விடும். அதே காரணத்துக்காகப் பம்பைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல், அடியிலிருந்து 8 அங்குல உயரத்தில் வையுங்கள். எது உடைந்தாலும் மீனுக்கு அந்த 8 அங்குலத் தண்ணீர் மிஞ்சும்.

பராமரிப்பில்தான் பெரும்பாலான பில்டர்கள் செத்துப்போகின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வலையிலும் நாரிலும் ஒட்டி வாழ்கிறது. மெட்ரோ வாட்டர் குழாயில் பிடித்து அலசினால் குளோரின் அதைக் கொன்றுவிடும். பஞ்சை மட்டும் வாரம் ஒருமுறை, குளத்துத் தண்ணீர் எடுத்த பக்கெட்டில் பிழியுங்கள். அடி வால்வை வாரம் ஒருமுறை 10 விநாடி திறங்கள். வரும் கறுப்புத் தண்ணீர் வாழைக்கு நல்லது. வலையையும் நாரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பாதி பாதியாகத்தான்.

தண்டையார்பேட்டை: ராத்திரி மோட்டாரை நிறுத்திடலாமா? கரன்ட் பில் பயமா இருக்கு.

நிறுத்தாதீர்கள். ராத்திரியில் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனை இழுக்கின்றன. விடியற்காலையில்தான் மீன் வாயைத் திறந்து மேலே வந்து நிற்கும். 40 வாட் மோட்டார் நாள் முழுதும் ஓடினால் 0.96 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 58 யூனிட். நாலைந்து மணி நேரம் கரன்ட் போய்விட்டால், மறுபடி போடும் முன் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்னொன்று, இதில் சமரசமே கூடாது: குளத்து மோட்டார் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். தண்ணீரில் கை விடும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கொளத்தூர்: மீன் கடையில சக்கர் ஃபிஷ் நாலு விட்டா பாசியெல்லாம் தின்னுடும்னு சொல்றாங்க.

சுவரில் ஒட்டும் பாசியைச் சுரண்டும். தண்ணீரில் மிதக்கும் பச்சையைத் தொடாது. ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, கழிவைக் கொட்டி, வண்டலைக் கிளறி இன்னும் கலக்கும். வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ரெட்டேரியிலோ புழலிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அங்கே நம் நாட்டு மீனுக்கு அது எமன்.

திருவொற்றியூர்: எங்க போர் தண்ணி உப்பு. அல்லி இலை ஓரம் கருகுது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். 1,000-க்குள் இருந்தால் சிக்கலில்லை. 2,000 தாண்டினால் அல்லி திணறும். கோடையில் இந்தக் குளத்திலிருந்து நாளைக்கு 25 லிட்டர்போல, ஒன்றரைக் குடத்துக்கு மேல், ஆவியாகும். தண்ணீர் போகும், உப்பு தங்கும். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மாதத்துக்கு மாதம் உப்பு ஏறும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் குளத்துக்குத் திருப்புங்கள். முதல் மழையில் தூசியும் எச்சமும் வரும், அதை மட்டும் வெளியே விடுங்கள். கோடைக்கு மெட்ரோ வாட்டர். குளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதானால் குளோரின் போக, ஏர் ஸ்டோன் போட்டு இரண்டு நாள் டிரம்மில் வைத்திருந்து ஊற்றுங்கள்.

ராயபுரம்: தேற்றாங்கொட்டை போட்டா தெளியும்னு எங்க மாமியார் சொல்வாங்க. போடலாமா தம்பி?

உங்கள் மாமியார் சொன்னது சேறு கலங்கிய தண்ணீருக்குச் சரிதான் அம்மா. பானையின் உள்சுவரில் தேய்த்தால் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் இறங்கும். பாசிப் பச்சைக்கு அதை நம்ப முடியாது. 2,000 லிட்டருக்குப் போதுமான அளவு கரைத்தால் அந்தக் கரைசலே அழுகிப் பாசிக்கு உரமாகும். மண் கலங்கல்தான் என்றால் 1,000 லிட்டருக்கு 10 கிராம் படிகாரத்தைத் தனியே கரைத்து, மோட்டார் ஓடும்போது ஊற்றுங்கள். படிகாரம் தண்ணீரின் பிஹெச்-ஐ (அமில-கார அளவை) இறக்கும்; ஒரே நாளில் இரண்டாம் முறை வேண்டாம்.

புளியந்தோப்பு: மயில்துத்தம்? பிளீச்சிங் பவுடர்?

மீன் இருக்கும் குளத்தில் இரண்டும் கூடாது. பிளீச்சிங் பவுடர் செவுளை எரிக்கும். மயில்துத்தம் பாசியை ஒரே நாளில் கொல்லும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து, மறுநாள் விடியலில் மீன் மிதக்கும்.

கொடுங்கையூர்: புது சிமென்ட் தொட்டி. மீன் ரெண்டே நாள்ல செத்துடுச்சு சார்.

சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து பிஹெச் 10-க்கு மேல் போயிருக்கும். அந்தக் காரத்தில் மீன் கழிவின் அம்மோனியாவும் பல மடங்கு விஷமாகிறது. நிரப்பி ஐந்து நாள் வைத்துக் கொட்டுங்கள்; இப்படி மூன்று நாலு முறை. வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஊறவைப்பதும் நம் ஊர் வழக்கம், ஆனால் தண்டு போட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மீன் கடையில் விற்கும் பிஹெச் கிட்டில் அளந்து, இரண்டு நாள் தொடர்ந்து 8.5-க்குள் நின்றால்தான் மீன். அப்போதும் முதலில் நாலு கப்பி மீன் மட்டும்.

மாதவரம்: கொசு ஆய்வுக்கு வர்ற மாநகராட்சி ஊழியர் குளத்தையே மூடச் சொல்றார்.

அவர் கவலை நியாயமானது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு கிணற்றிலும் தொட்டியிலும் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கொசுப் புழுவைத் தின்னும் கப்பி மீன் 20 நீந்துவதைக் காட்டுங்கள். ஆனால் பக்கத்தில் மீனில்லாத தாமரைத் தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத டிரம் இருந்தால் அங்கேதான் புழு இருக்கும். அடித்தட்டையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். தாமரைத் தொட்டியிலும் நாலு கப்பி விடுங்கள்.

எர்ணாவூர்: மழைக்காலத்துல தெருத்தண்ணி உள்ளே வந்துடுது.

கரையைத் தரைமட்டத்திலிருந்து 1 அடி உயர்த்துங்கள். வழிபைப்புக்கு வலை கட்டுங்கள், இல்லையென்றால் மீன் தெருவுக்குப் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு உங்கள் பக்கம் எண்ணெயும் வந்தது. அப்படி வந்தால் குளத்தைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்: மீனைத் தனி டிரம்முக்கு மாற்றி, பில்டர் ஊடகத்தையும் மிதவைச் செடிகளையும் எறிந்துவிட்டு, சுவரைச் சோப்பால் தேய்த்து நாலு முறை அலசி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

பெரம்பூர்: கடைசியா ஒண்ணு அண்ணே, யூவி லைட் போட்டா சீக்கிரம் தெளியுமா?

தெளியும். யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கு 11 வாட் போதும், ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். டிரம்மைத் தாண்டிய தண்ணீரில்தான் அதை மாட்ட வேண்டும். கசடு போனால் கண்ணாடிக் குழாய் மங்கிவிடும். நம் உப்புத் தண்ணீரில் அந்தக் குழாய்மேல் வெள்ளைப் படிவம் வரும், மாதம் ஒருமுறை வினிகரால் துடையுங்கள். விளக்கு எரிவதுபோலத் தெரிந்தாலும் ஓராண்டில் அதன் வீரியம் போய்விடும், மாற்றியாக வேண்டும். அது கொன்ற பாசியின் சத்து தண்ணீரில்தான் கிடக்கும், ஆகவே வெங்காயத்தாமரையை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் சுவரில் நூல்பாசி தொங்கும். அதை யூவி தொடாது. குச்சியில் சுற்றிக் கையால்தான் எடுக்க வேண்டும்.